நேர்வழிப் பந்தயமும் நியாயமான எஞ்சின் விதிகளும்

வேகத்தில் விருப்பங் கொள்வது இளமைக்கு இயல்பு. அவ்விருப்பத்தைக் குற்றமென்று ஒதுக்கிவிடுதல் எளிது. அதனைத் தக்க இடத்திற்கும் தக்க விதிகளுக்கும் உட்படுத்தி நல்வழியிற் செலுத்துதலே அரிது. கோபிசெட்டிபாளையத்தினின்று ஈரோட்டிற்கும் சத்தியமங்கலத்திற்கும் செல்லும் சாலைகளில் மாலைப்பொழுதில் நிற்பவர் எவரும், இரண்டு மோட்டார் சைக்கிள்கள் ஒன்றையொன்று முந்த முயன்று பாய்வதைக் கண்டிராமல் இரார். அவ்வண்டிகளை ஓட்டுவோர் பெரும்பாலும் நம் போன்ற கல்லூரிகளின் மாணவரே. பொதுச் சாலையில் பந்தயம் விடுதல் 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-வது பிரிவின்படி தண்டனைக்குரிய குற்றம். ஆயினும் சட்டத்தின் அச்சம் ஒன்றே இவ்வழக்கத்தை ஒழித்ததில்லை. கரும்பு ஏற்றிய வண்டியும், பள்ளி விட்டு வரும் குழந்தையும், விளக்கில்லாத சைக்கிளும் வருகின்ற சாலையில், ஒரு கணத்துப் பிழைக்கு ஈடு ஓர் உயிராகிறது.

இவ்வாபத்தைக் குறைக்கும் வழி யாது? மூடப்பட்ட நேரான பாதையில், மேற்பார்வையுடன், ஏழை வீட்டுப் பிள்ளையும் கலந்துகொள்ளக்கூடிய செலவில், ஒரு பந்தய வகுப்பை ஏற்படுத்துவதே ஒரு வழியாம். அவ்வகுப்பின் நன்மை தீமைகள் யாவும் அதன் எஞ்சின் விதிகளைப் பொறுத்து நிற்கும். விதி தளர்ந்தால் பணம் வெல்லும். விதி மிகவும் இறுகினால் எவரும் வாரார். இவ்விரண்டிற்கும் நடுவே நியாயமான விதிகளை வகுக்கும் முறையை இக்கட்டுரையில் ஆராய்வாம்.

நேர்வழிப் பந்தயம் என்பது யாது?

மேனாட்டார் ‘டிராக் ரேஸ்’ என்று வழங்கும் இப்பந்தயத்தில் வளைவுகள் இல்லை. பல சுற்றுக்களும் இல்லை. இரண்டு வண்டிகள் அசையாது நின்று, விளக்கின் குறிப்புக் கண்டதும் புறப்பட்டு, குறித்த தூரத்தை யார் முன்னர்க் கடக்கின்றனர் என்பதே வெற்றிக்கு அளவு. பழைய மரபின்படி அத்தூரம் கால் மைல், அதாவது சுமார் 402 மீட்டர். அதிற் பாதியாகிய அரைக்கால் மைல் தூரத்திலும் பந்தயங்கள் நடைபெறுவதுண்டு.

கொங்கு நாட்டவராகிய நமக்கு இது முற்றிலும் புதிதன்று. பொள்ளாச்சி, உடுமலைப் பக்கங்களில் நடைபெறும் ரேக்ளாப் பந்தயத்தை நினைத்துக்கொள்க. அங்கும் நேரான பாதை. அங்கும் 200 மீட்டர், 300 மீட்டர் என்று வரையறுத்த தூரம். அங்கும் ஒவ்வொரு வண்டியும் எடுத்துக்கொண்ட காலத்தை அளந்தே வெற்றி தோல்வி முடிவு செய்யப்படுகிறது. இவற்றினும் முக்கியமான ஒற்றுமை ஒன்று உண்டு. எல்லாக் காளைகளையும் ஒன்றாகக் கலந்து ஓட்டுவதில்லை. பல்லைப் பார்த்து வயதைக் கணித்து, இளங்காளைகளுக்கு ஒரு பிரிவும் முதிர்ந்தவற்றிற்கு ஒரு பிரிவும் வகுக்கின்றனர். அந்தியூர்க் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் மாடு பிடிக்கச் செல்லும் குடியானவர் எவரும் வாயைத் திறந்து பார்க்காமல் விலை பேசார். இரண்டு பல், நான்கு பல், ஆறு பல், கடைப்பல் என்னும் அக்கணக்கு, யாரும் மறைக்கவொண்ணாத, யாரும் எளிதில் சோதிக்கக்கூடிய அளவுகோல். நல்ல எஞ்சின் விதிக்கு வேண்டிய இலக்கணமும் இதுவே: மறைக்க இயலாததாகவும், செலவின்றிச் சோதிக்கக்கூடியதாகவும் இருத்தல் வேண்டும்.

அமெரிக்கர் கண்ட வழி

அமெரிக்காவின் கலிபோர்னியாப் பகுதியில், இரண்டாம் உலகப் போருக்குப் பின் இளைஞர் பலர் பழைய கார்களைத் திருத்தித் தெருக்களில் பந்தயம் விட்டனர். பொதுமக்களின் வெறுப்பும் பெருகிற்று. அக்காலத்தில் வாலி பார்க்ஸ் என்பவர் 1951-ஆம் வருஷத்தில் தேசீய ஹாட் ராட் சங்கத்தை நிறுவினார். தெருவில் நடப்பதைத் தெருவினின்று அகற்றி, விதிக்குட்பட்ட பாதைக்குக் கொண்டுவருதலே அதன் முதல் நோக்கம். 1953-இல் போமோனா என்னுமிடத்தில் அச்சங்கத்தின் முதற் பந்தயம் நடைபெற்றது. இளைஞரை விலக்காமல் அவர்களுக்கு இடங் கொடுத்ததாலேயே அம்முயற்சி நிலைத்தது என்பது கவனிக்கத்தக்கது.

அச்சங்கத்தின் ‘ஸ்டாக்’ என்னும் வகுப்பில், காரின் எடையை அதன் குதிரைச் சக்தியால் வகுத்து வரும் எண்ணைக் கொண்டு பிரிவுகள் அமைத்தனர். ஒரு காருக்குக் கொடுக்கப்பட்ட சக்தி மதிப்புக்கு மிஞ்சிய வேகத்தில் அது ஓடுவது கண்டால், அம்மதிப்பை உயர்த்தி, எடையையும் கூட்டச் செய்யும் வழக்கமும் ஏற்பட்டது. தொழிற்சாலை விளம்பரத்தில் எழுதியதை நம்பாமல், ஓடிய ஓட்டத்தையே சாட்சியாகக் கொண்ட முறை இது.

செலவு ஏன் பெருகுகிறது?

பௌதிகம் கற்கும் மாணவர் இங்கே ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். காற்றின் தடையையும் சக்கரத்தின் சறுக்கலையும் தற்காலிகமாக விட்டுவிடுவோம். எஞ்சின் மாறாத சக்தியைத் தந்தால், வண்டி பெறும் இயக்க ஆற்றல் காலத்திற்கு நேர்விகிதமாக வளரும். ஆகவே வேகம் காலத்தின் வர்க்கமூலத்தைத் தொடர்ந்து செல்லும். இதனின்று கிடைக்கும் முடிவு யாதெனின், குறித்த தூரத்தைக் கடக்கும் காலம், எடையைச் சக்தியால் வகுத்து வரும் ஈவின் கனமூலத்திற்கு நேர்விகிதமாக இருக்கும் என்பதாம்.

இச்சூத்திரத்தின் பொருளை எண்களால் விளக்குவோம். ஒரு வண்டி கால் மைலை 20 விநாடியிற் கடப்பதாகக் கொள்வோம். அதனை 19 விநாடியாக்கச் சக்தியில் சுமார் 17 சதவிகிதம் கூட்டவேண்டும். 18 விநாடியாக்க 37 சதவிகிதம். 16 விநாடியாக்கவோ, சக்தியை ஏறக்குறைய இரட்டிப்பாக்க வேண்டும். காலத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைக்கச் சக்தி இரு மடங்காக வேண்டும் என்றால், அதற்கான பொருட்செலவு இரு மடங்கோடு நில்லாது. முதற் சிறிது சக்தியை எந்தப் பட்டறையிலும் சொற்பச் செலவில் பெறலாம். அடுத்த சிறிதுக்கு அயல்நாட்டுப் பிஸ்டன் வேண்டும். அதற்கும் அடுத்ததற்கு ஒவ்வொரு பந்தயத்திற்கும் புதிய எஞ்சினே வேண்டும். இவ்வாறு ஏணியின் ஒவ்வொரு படியும் முந்தியதைவிட உயரமாகும். விதியில்லாத வகுப்பில் முதல் வருஷம் இருபது பேர் வருவர். மூன்றாம் வருஷம் நான்கு பேரே எஞ்சுவர். அந்நால்வரும் செல்வர் வீட்டுப் பிள்ளைகளாயிருப்பர். எஞ்சியவர் எங்கே போவர்? மீண்டும் ஈரோட்டுச் சாலைக்கே திரும்புவர். ஆகவே செலவைக் கட்டுப்படுத்தும் விதியும் உயிரைக் காக்கும் விதியே என்று கொள்ளல் வேண்டும்.

கோவை காட்டிய முன்மாதிரி

நமது நாட்டில் இவ்வுண்மையைச் செயலிற் காட்டியவர் வெளிநாட்டார் அல்லர்; நம் கோயமுத்தூரைச் சேர்ந்த எஸ். கரிவரதன் ஆவார். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமானத்தளத்தில், சென்னை மோட்டார் விளையாட்டுச் சங்கத்தார் பல வருஷங்கள் பந்தயங்கள் நடத்திவந்தனர். அங்கே ஓடிய வண்டிகள் பலவகைப்பட்டவை; அயல்நாட்டினின்று வருவித்த விலையுயர்ந்த எஞ்சின்களும் அவற்றுள் இருந்தன. கரிவரதனும் அங்கே புகழ்பெற்ற ஓட்டுநராக விளங்கியவர். ஆயினும் தாம் வெல்வதோடு நில்லாது, பிறரும் ஓடுவதற்கான வழியையும் அவர் தேடினார். 1980-களின் இறுதியில், மாருதி 800 காரின் எஞ்சினை வைத்து ஒற்றை ஆசனப் பந்தய வண்டியை அமைத்து, ஃபார்முலா மாருதி என்னும் வகுப்பு தோன்றக் காரணமாயினார்.

அவ்வெஞ்சினின் சிறப்பு அதன் ஆற்றலில் இல்லை. மூன்று சிலிண்டர், ஒவ்வொன்றின் விட்டமும் 68.5 மில்லிமீட்டர், பிஸ்டனின் வீச்சு 72 மில்லிமீட்டர், மொத்தக் கொள்ளளவு 796 கன சென்டிமீட்டர். சக்தியோ நாற்பது குதிரைக்கும் உட்பட்டது. ஆனால் அவ்வெஞ்சினை அறியாத மெக்கானிக் தமிழ்நாட்டில் இல்லை. அதன் உதிரிப்பாகம் கிடைக்காத ஊரும் இல்லை. ஒருவனுக்குக் கிடைத்த எஞ்சினே மற்றவனுக்கும் கிடைத்தபடியால், ஓட்டுகிறவனுடைய திறமை வெளிப்பட்டது. கோவை நாராயண் கார்த்திகேயன் தம் தொடக்ககாலப் பந்தயங்களை ஃபார்முலா மாருதியில் ஓடியவர். 2005-இல் ஃபார்முலா ஒன்று பந்தயத்தில் இடம்பெற்ற முதல் இந்தியரானார். சென்னைக் கருண் சந்தோக் 2000-இல் ஃபார்முலா மாருதியில் வென்று, 2010-இல் அதே உயர்ந்த நிலையை அடைந்தார். நாற்பது குதிரைக்கும் குறைந்த எஞ்சின் உலகப் பந்தயத்திற்குப் படிக்கட்டாயிற்று.

கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் உயிர் நீத்தார். கோவைக்கு அருகில் செட்டிபாளையத்தில் 2003-இல் திறக்கப்பட்ட 2.1 கிலோமீட்டர் நீளமுள்ள பந்தயப் பாதை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. மாருதி எஞ்சினையே கொண்ட எல்.ஜி.பி. ஃபார்முலா 4 போன்ற வகுப்புக்களும் அவர் காட்டிய நெறியைப் பின்பற்றியவையே.

நிற்க. அவர் செய்ததை நேர்வழிப் பந்தயத்திற்கும், காரினும் குறைந்த விலையுடைய மோட்டார் சைக்கிளுக்கும் ஏற்ப மாற்றி அமைப்பது எங்ஙனம்? இந்தியாவில் நடைபெறும் தேசீய மோட்டார் சைக்கிள் நேர்வழிப் பந்தயங்களில், கொள்ளளவையும், இரண்டு வீச்சு நான்கு வீச்சு என்னும் வேறுபாட்டையும் கொண்டு பிரிவுகள் வகுக்கின்றனர். அவற்றிற்கும் கீழே, முதற்படியாக, ஒரு மாணவர் வகுப்பு அமைவதாகக் கொண்டு விதிகளை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

முதலாவது: எங்கும் கிடைக்கும் எஞ்சின்

எடுத்துக்காட்டாக, நம் ஊர்களில் பால்காரர் முதல் ஆசிரியர் வரை பலரும் ஓட்டும் நூறு கன சென்டிமீட்டர் வகையைக் கொள்வோம். ஹீரோ ஸ்ப்ளெண்டர் வண்டியின் பழகிய எஞ்சினில் சிலிண்டரின் விட்டம் 50 மில்லிமீட்டர், வீச்சு 49.5 மில்லிமீட்டர். விட்டத்தின் பாதியை வர்க்கமாக்கி, பையினாலும் வீச்சினாலும் பெருக்கினால், 97.2 கன சென்டிமீட்டர் என்னும் கொள்ளளவு வரும். இதனை அளக்க ஒரு வெர்னியர் அளவுகோல் போதும்.

ஆனால் இங்கே ஒரு நுட்பம் உண்டு. ‘97.2-க்கு மேற்படலாகாது’ என்று விதித்தால், அது பார்வைக்கு நியாயமாய்த் தோன்றி உண்மையில் அநியாயமாகும். ஏனெனில், பல வருஷம் ஓடித் தேய்ந்த எஞ்சினைப் பட்டறையில் ‘போர்’ அடித்து, ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவது வழக்கம். ஒரு மில்லிமீட்டர் மிகுந்த பிஸ்டன் போட்டால் கொள்ளளவு 101.1 ஆகிறது. மேற்சொன்ன விதியின்படி, தந்தையின் பழைய வண்டியைக் கொண்டுவரும் பிள்ளை விலக்கப்படுவான். புதிய வண்டி வாங்கியவன் சேர்க்கப்படுவான். ஆகவே ‘102 வரை’ என்று வரம்பிடுதலே தக்கது. அதனாற் பழைய எஞ்சினுக்குச் சுமார் நான்கு சதவிகிதம் மிகுமே எனின், மேற்காட்டிய சூத்திரத்தின்படி 20 விநாடியில் கால் விநாடி அளவே வித்தியாசம் வரும். புதிய எஞ்சின் உடையவனும் விரும்பினால் சொற்பச் செலவில் அதே அளவுக்குப் ‘போர்’ அடித்துக்கொள்ளலாம். வாசல் ஏழைக்கும் திறந்திருக்கும். செல்வனுக்கும் குறை நேராது.

இரண்டாவது: அழுத்த விகிதம்

சிலிண்டர் ஹெட்டின் அடிப்பாகத்தைச் சிறிது சீவிவிட்டால், எரியறை சுருங்கி, அழுத்த விகிதம் உயர்ந்து, சக்தி மிகும். இது வெளிக்குத் தெரியாத மாற்றம். ஏமாற்றுக்கு ஏற்ற இடம். ஆயினும் இதனைக் கண்டுபிடிக்கும் கருவி நம் இரசாயனச் சாலையிலேயே இருக்கிறது. பிஸ்டனை மேல் எல்லையில் நிறுத்தி, ஸ்பார்க் பிளக் துளை வழியே பியூரெட்டினால் எண்ணெயை அளந்து நிரப்பினால், எரியறையின் கொள்ளளவு தெரிந்துவிடும். துளையின் திருகிற்கு உரிய சிறு அளவை மட்டும் கழித்துக்கொள்ள வேண்டும். அது 12.5 கன சென்டிமீட்டராயின், 97.2-உடன் அதனைக் கூட்டி அதனாலேயே வகுக்க, விகிதம் சுமார் 8.8 என்று வரும். 10.9 ஆகச் சுருங்கியிருந்தால், விகிதம் 9.9 ஆகும். ஒன்றரைக் கன சென்டிமீட்டர் அளவுள்ள வேறுபாட்டில் முழு இரகசியமும் அடங்கிக் கிடக்கிறது. பத்து நிமிஷத்தில், எஞ்சினைப் பிரிக்காமலே, அதனை வெளிப்படுத்திவிடலாம். விதியில் விகிதத்தின் உச்ச எல்லையை எண்ணால் எழுதிவிட்டால், வாதத்திற்கு இடமில்லை.

மூன்றாவது: மூச்சுக்குழல்

எஞ்சினின் சக்தி அது உட்கொள்ளும் காற்றின் அளவைப் பொறுத்தது. ஆகவே கார்புரேட்டரின் குறுகிய துளைக்கு உச்ச விட்டம் விதித்துவிட்டால், உள்ளே எத்தனை செலவு செய்தாலும் பயன் ஓர் எல்லைக்குள் அடங்கும். துளையில் நுழையும் நுழையாது என்று பார்க்கத்தக்க உருளையொன்றை லேத்துப் பட்டறையில் கடைந்து வைத்துக்கொண்டால், எழுத்தறியாதவரும் சோதனை செய்யலாம். வால்வும் கேம் ஷாப்டும் தொழிற்சாலையில் அமைந்தபடியே இருத்தல் வேண்டும். எரிபொருளை ஒவ்வொருவரும் கொண்டுவருதல் கூடாது. ஒரே பெட்ரோல் பங்கினின்று நடத்துவோரே வாங்கி, அனைவருக்கும் ஒரே பீப்பாயினின்று ஊற்றுதல் வேண்டும்.

இவற்றோடு, மாற்றிக்கொள்ள உரிமையுள்ளவை இவை என்றும் தெளிவாகக் கூறவேண்டும். ஜெட், ஸ்பார்க் பிளக், பின் சக்கரத்துப் பல்சக்கரத்தின் பற்களின் எண்ணிக்கை, டயரின் காற்றழுத்தம் ஆகியவை அத்தகையன. இவற்றிற் செலவு குறைவு, சிந்தனை மிகுதி. பணத்திற்குக் கதவை மூடி, அறிவுக்குக் கதவைத் திறந்துவைத்தல் என்பது இதுவே.

நான்காவது: எடை

விதி வகுப்போர் பெரும்பாலும் எஞ்சினையே பார்த்து, அதன்மேல் அமர்பவனை மறந்துவிடுகின்றனர். 110 கிலோ எடையுள்ள வண்டியில் 50 கிலோ எடையுள்ளவன் அமர்ந்தால் மொத்தம் 160. 75 கிலோ எடையுள்ளவன் அமர்ந்தால் 185. சூத்திரத்தின்படி முன்னவன் 20 விநாடியில் கடந்தால், பின்னவனுக்கு ஏறக்குறைய 21 விநாடி வேண்டும். அந்த ஒரு விநாடி, எஞ்சினில் 16 சதவிகிதச் சக்தியைக் கூட்டுவதற்குச் சமம்! எத்தனையோ பணம் செலவிட்டுப் பெறும் நன்மையை, ஒருவன் மெலிந்த தேகத்தினாலேயே பெற்றுவிடுகிறான். இதன் தீய பயன் இளைஞர் பட்டினி கிடந்து மெலிய முயலுதலே. ஆகவே வண்டியும் ஓட்டுபவனும் தலைக்கவசமும் சேர்ந்து 180 கிலோவுக்குக் குறையலாகாது என்பது போன்ற விதி வேண்டும். குறைவுள்ளவர் இரும்புத் தகடுகளை வண்டிச் சட்டத்தில் உறுதியாக முடுக்கிக்கொள்ளலாம். இச்சோதனைக்கு வேண்டியது நெல் மண்டியில் இருக்கும் தராசு ஒன்றே.

ஐந்தாவது: நேர்மைக்குக் காவல்

விதியை எழுதுதல் பாதி வேலை, காத்தல் மறுபாதி. இதற்கு மூன்று வழிகள் உள்ளன. சோதனை முடிந்த எஞ்சினின் திருகுகளில் துளையிட்டுக் கம்பி கோத்து முத்திரையிடுதல் ஒன்று. வென்றவனது எஞ்சினையும், திருவுளச்சீட்டினால் எடுத்த மற்றொருவனது எஞ்சினையும் கட்டாயமாகச் சோதித்தல் மற்றொன்று. ஐயங்கொண்ட போட்டியாளன் ஒரு தொகையைக் கட்டி, எதிரியின் எஞ்சினைப் பிரிக்கக் கோருதல் மூன்றாவது. பிரித்துப் பார்த்துக் குற்றமில்லையெனக் கண்டால், அத்தொகை கேஸ்கெட்டுக்கும் கூலிக்குமாக எஞ்சின் உடையவனைச் சேரவேண்டும். அவ்வாறாயின் பொறாமையால் வழக்காடுவோர் அஞ்சுவர். உண்மையான ஐயமுடையோர் அஞ்சார்.

இவையன்றி அமெரிக்க மண்பாதைப் பந்தயங்களில் வழங்கிய வேறொரு விதியும் மிக்க சுவையுடையது. வென்றவனது எஞ்சினை, விதியிற் குறித்த விலையைக் கொடுத்து, தோற்றவன் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். மறுத்தால் வெற்றி பறிபோகும். பதினைந்தாயிரம் ரூபாய் என்று விலை குறித்திருக்க, ஒருவன் அறுபதினாயிரம் செலவிட்டுச் செய்த எஞ்சினைக் கொண்டுவருவானோ? சோதனை செய்வோர் கண்ணுக்குத் தப்பிய செலவையும் இவ்விதி தடுத்துவிடுகிறது. ஆயினும் நம் நாட்டில் எஞ்சின் எண் வண்டியின் பதிவுப் புத்தகத்தில் எழுதப்பட்டிருப்பதால், சாலையில் ஓடும் வண்டிக்கு இவ்விதி பொருந்தாது; பந்தயத்திற்கென்றே ஒதுக்கிய வண்டிகளுக்கே பொருந்தும்.

ஓர் ஆட்சேபமும் அதற்கு விடையும்

‘இத்துணைக் கட்டுப்பாடு விதித்தால், புதியன புனையும் மெக்கானிக்கின் கை கட்டப்படாதோ?’ என்று கேட்கலாம். கோவை மண்டலத்தின் பெருமையே பட்டறைகளில் விளைந்த புதுமையன்றோ? ஜி. டி. நாயுடு அவர்களைப் பெற்ற நாட்டில் இக்கேள்வி நியாயமானதே.

இதற்கு விடை இரண்டு. முதலாவது, மேற்படி வகுப்பொன்றில் கொள்ளளவையும் எடையையும் மட்டும் கட்டி, மற்றவற்றைத் திறந்துவிடலாம். கற்றுத் தேர்ந்தவர் அங்கே செல்லலாம். தொடக்க வகுப்பு பள்ளிக்கூடம் போன்றது. அங்கே அனைவருக்கும் ஒரே பாடப்புத்தகம் இருத்தலே நலம். இரண்டாவது, வண்டிகள் வெவ்வேறாயிருந்தும் நேர்மையாகப் போட்டியிட வேறொரு முறை உண்டு. ஒவ்வொருவனும் தன் வண்டி எத்தனை விநாடியில் ஓடும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்கவேண்டும். ஒருவன் 20 என்றும் மற்றவன் 17 என்றும் எழுதினால், முன்னவன் மூன்று விநாடி முந்திப் புறப்படுவான். தான் எழுதியதைவிட வேகமாக ஓடினால் அவன் தோற்றவனாவான். ஆகவே பொய்யெழுதிப் பயனில்லை. தன் வண்டியை உள்ளவாறு அறிந்து, ஒவ்வொரு முறையும் ஒரே சீராக ஓட்டுகிறவனே வெல்லுவான். எஞ்சின் விதிகள் நிலைபெறும் வரையில், முதல் வருஷத்தில் இம்முறையைக் கையாளுதல் புத்திசாலித்தனம்.

எச்சரிக்கை ஒன்றும் கூறவேண்டும். 1992-இல் அமெரிக்கர் சிறுவர்க்கென்று ஒரு வகுப்பு தொடங்கினர். பிரிக்ஸ் அண்டு ஸ்டிராட்டன் கம்பெனியின் ஐந்து குதிரைச் சக்தியுள்ள ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினே அதற்கு அடிப்படை. செலவு குறைவாயிருந்ததால் அது விரைவிற் பரவிற்று. பின்னர் மாற்றங்களுக்குச் சிறிது சிறிதாக இடங் கொடுக்கப்படவே, அவ்வகுப்புக்கென்றே தனி எஞ்சின் செய்து விற்கும் வியாபாரிகள் தோன்றினர், செலவும் உயர்ந்தது. ஒவ்வொரு தளர்வும் தனித்தனியே பார்க்கையில் அற்பமாகவே தோன்றும். கொடிவேரி அணைக்கட்டில் ஒரு கல் பெயர்ந்தாலும் தண்ணீர் அதன் வழியே மற்றதையும் பெயர்க்கும் என்பதை நம் வாய்க்கால் பாசனக் குடியானவர் அறிவர். ஆகவே விதிகளை மூன்று வருஷத்திற்கு மாற்றுவதில்லை என்று முதலிலேயே உறுதி செய்துகொள்ளல் வேண்டும். இன்று வாங்கிய பிஸ்டன் நாளை செல்லாது என்றானால், அதனால் முதலில் வருந்துகிறவன் வறியவனே.

குறைக்கவொண்ணாத செலவு

சிக்கனம் என்பது எஞ்சினோடு நிற்கவேண்டும். தலைக்கவசம், தோலாடை, கையுறை, பழுதற்ற பிரேக், பாதையின் முடிவில் வண்டி நிற்கப் போதிய தூரம், ஆயத்தமாய் நிற்கும் ஆம்புலன்ஸ், மருத்துவர் ஆகியவற்றில் ஒரு காசும் குறைத்தலாகாது. எஞ்சின் செலவைக் குறைப்பதன் பயனே, மிஞ்சிய பணம் இவற்றிற்குச் செல்லுதலாம். 2008-இல் அமெரிக்காவில் புகழ்பெற்ற ஓட்டுநர் ஸ்காட் கலிட்டா இறந்த பின்னர், அச்சங்கத்தார் மிக வேகமான வண்டிகளுக்குக் கால் மைலை ஆயிரம் அடியாகக் குறைத்தனர். மரபென்று அரை நூற்றாண்டுக்கு மேல் போற்றிய தூரத்தையும் உயிரின்பொருட்டு அவர்கள் விட்டுக்கொடுத்தனர். புதியதொரு வகுப்பு ஏற்படுத்துவோர் அரைக்கால் மைலிலேயே தொடங்குதல் நலம்.

முடிவுரை

கள்ளத் தராசையும் நிறைவான படிக்கல்லையும் பற்றி வேதபுத்தகத்தின் நீதிமொழிகள் போதிக்கும் பாடத்தை நாம் காலை வழிபாட்டிற் பலமுறை கேட்டிருக்கிறோம். அப்பாடம் கடைத்தெருவுக்கு மட்டும் உரியதன்று. விளையாட்டிற்கும் ஒரு தராசு உண்டு. எஞ்சின் விதியே அத்தராசு. அது நேராக நின்றால், கோபியில் பஞ்சர் ஒட்டும் கடையில் வளர்ந்த பிள்ளையும், கோவையில் மாளிகையில் வளர்ந்த பிள்ளையும் ஒரே கோட்டில் நின்று ஒரே விளக்கைப் பார்ப்பர். அடுத்த இருபது விநாடியில் யாருடைய கையும் கண்ணும் கருத்தும் சிறந்தவை என்பது தெரிந்துவிடும்.

மாணவ நண்பர்களே, வெர்னியர், பியூரெட், தராசு ஆகிய மூன்றும் நம் பரிசோதனைச் சாலைகளில் உள்ளன. அவற்றைக் கையாளக் கற்ற நீங்களே நாளைய சோதனையாளர். பொறியியற் கல்வி பெற்றுப் பற்பல தொழிற்சாலைகளில் அமர்ந்திருக்கும் பழைய மாணவர்கள் நினைத்தால், முறையான அனுமதியுடன், செட்டிபாளையம் போன்ற மூடிய பாதையில் வருஷத்திற்கு ஒரு நாள் இத்தகைய வகுப்பை நடத்த வழி பிறக்கும். அந்நாள் வரும்வரையில், வண்டியை முடுக்கும் கையைச் சாலையில் அடக்கிக்கொள்வதே வீரம். பந்தயம் காத்திருக்கும், வீட்டு வாசலில் விளக்கேற்றி வைத்து வழிபார்த்திருக்கும் தாய் காத்திருக்கமாட்டாள்.